கண்ணாடி விரியனும் கல்லூரிக் கமிட்டியும்

பார்மசி கல்லூரி முதல்வர் எங்கள் தபால் அலுவலகத்துக்குள் நேரில் வந்தபோது, கல்லூரிக்கு வந்த பார்சல் எதையோ நான் தொலைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து நின்றேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"எங்க காலேஜுல எலி, முயல் வச்சி ஆராய்ச்சி பண்றோம்மா. எது பண்ணலாம், எது பண்ணக் கூடாதுன்னு பார்க்கறதுக்கு ஒரு கமிட்டி இருக்குது. சயின்ஸ் படிக்காத வெளி ஆளு ஒருத்தர் அதுல கண்டிப்பா இருக்கணும்னு சட்டம். நீங்க இருந்தா நல்லாருக்கும்."

"எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராதுங்க சார்."

"தமிழ்லயே பேசலாம். எப்பயாவதுதான் மீட்டிங்."

முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதோடு என் தம்பி அந்தக் கல்லூரியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் பஸ். நான் மறுத்தால் அது அவன் தலையில் போய் விடியுமோ என்று தோன்றியது. சரிங்க சார் என்றேன்.

முதல் சில கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. நீள மேசை, குளிர்சாதன அறை, தட்டில் முந்திரி பிஸ்கட். பேராசிரியர்கள் திரையில் படம் காட்டிப் பேசுவார்கள். சர்க்கரை நோய் வரவழைத்த எலி, காலில் வீக்கம் வரவழைத்த எலி. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் பிரதிநிதி என்று வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். அரசு கால்நடை மருத்துவமனை டாக்டர். கன்று போட முடியாமல் தவித்த பசுவுக்காக ஒருமுறை எங்கள் தெருவுக்கே வந்தவர். கனத்த உடம்பு, கனத்த குரல். அவர்தான் எலிகள் எத்தனை, மயக்க மருந்து என்ன, கூண்டு எவ்வளவு பெரிசு என்று கேள்வி கேட்பார். எல்லாரும் தலையாட்டும்போது நானும் ஆட்டுவேன். யாரும் என்னை எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆராய்ச்சி மாணவி வந்தாள்.

கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். வெள்ளிமலைக்கு மேலே, கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் நடக்க வேண்டிய ஊர். ஒல்லியான பெண். அவர்கள் ஊரில் பாம்பு கடித்தால் ஒரு இலையை அரைத்துக் குடிக்கக் கொடுத்து, கடிவாயிலும் பூசுவார்கள். அந்த இலைக்கு உண்மையிலேயே விஷத்தை முறிக்கும் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். "சுண்டெலிங்களுக்குத் தொடையில கண்ணாடி விரியன் விஷத்த ஊசியில ஏத்துவோம். ஒரு குரூப்புக்கு இலைச் சாறு கொடுப்போம், ஒரு குரூப்புக்குக் கொடுக்க மாட்டோம். மறுநாள் வரைக்கும் விட்டு, எது செத்துது, எது பொழச்சிதுன்னு பார்ப்போம்."

கண்ணாடி விரியன் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வலது கால் சில்லிட்டது. அறைக் குளிர் என்று நினைத்தேன். பிறகு நெற்றி வியர்த்தது.

என்னைக் கடித்ததும் அதே பாம்புதான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளி விடுமுறை. அம்மாவோடு சோகை உரிக்கப் போயிருந்தேன். கரும்பில் காய்ந்து தொங்கும் தோகையை உரித்துக் குவிக்கும் கூலி வேலை. நிலம் எங்களுடையது இல்லை; எங்களுக்கு எங்குமே நிலம் கிடையாது. குவித்த சோகைமேல் கால் வைத்தபோது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. அது என்ன என்று நினைப்பதற்குள் கொதிக்கும் எண்ணெயைக் கணுக்காலில் ஊற்றியது போல இருந்தது.

"இன்னாடி?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"கடிச்சிட்டுச்சிம்மா."

"எது?"

சோகைக்கு அடியில் அது மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. முதுகு நெடுக வட்டம் வட்டமாக. அதற்கு அவசரமே இல்லை.

பக்கத்து ஊரில் வேர் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் தூக்கிப் போனார்கள். எதையோ மெல்லக் கொடுத்து "கசக்குதா?" என்று கேட்டார். கசக்குது என்றேன். கசந்தால் விஷம் தலைக்கு ஏறவில்லையாம். பச்சிலையை வைத்துக் கட்டிப் படுக்க வைத்தார்கள். வெயில் சாய்கிறவரை அங்கேயே கிடந்தேன். கால் முழங்கால்வரை வீங்கியது, பிறகு தொடைவரை. ஈறிலிருந்து ரத்தம் கசிந்து வாயெல்லாம் இரும்பு ருசி. என்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், என் அம்மா இருந்தாள், ஆனால் எனக்குள் நடந்துகொண்டிருந்ததை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. அந்தத் தனிமை தந்த பயத்துக்கு நிகரானதை அதற்குப் பிறகு நான் அறிந்ததில்லை. கடைசியில் மில்லுக்குப் போன கரும்பு லாரியை மறித்து ஏற்றி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து, அது உறையவே இல்லை என்று நர்ஸ் டாக்டரிடம் சொன்னது நினைவிருக்கிறது. விஷமுறிவு ஊசி போட்டார்கள், பிழைத்தேன். கணுக்காலுக்கு மேலே சதை அழுகிப் போன பள்ளம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பேன்.

"யாருக்காவது கேள்வி இருக்குதா?" என்று முதல்வர் கேட்டார்.

பிஸ்கட் தட்டு கை மாறியது. அப்போது ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"அது ரொம்ப வலிக்குங்க சார்."

எல்லாரும் திரும்பினார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "மேடம், இது எல்லா நாட்லயும் பண்றதுதான். செத்துதா பொழச்சிதான்னு பார்த்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்."

"மறுநாள் வரைக்கும் அதுங்க அப்படியே கெடக்குமா?"

"ஆமா. அதான் முறை."

"என்னக் கடிச்சிருக்குதுங்க சார், கண்ணாடி விரியன்." காலை மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். "மறுநாள் வரைக்கும் அப்படியே விட்டுட்டுப் பார்க்கறதுக்கு என்னால சரின்னு சொல்ல முடியலங்க."

பேராசிரியர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இப்படி உணர்ச்சிவசப்பட்டா ஆராய்ச்சியே நடக்காது மேடம். நாளைக்கு மனுசனுக்கு மருந்து வேணாமா?"

மாட்டு டாக்டர்தான் தொண்டையைக் கனைத்தார். எனக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, உங்களக் காப்பாத்தின ஊசி எதுலேர்ந்து வந்துச்சின்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"குதிரை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷத்த ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து எடுக்கறதுதான் அந்த மருந்து. மருந்து சரியா இருக்குதான்னு எலிக்குப் போட்டுத்தான் பார்ப்பாங்க. அதையும் தெரிஞ்சிக்கிட்டுப் பேசுங்க."

இத்தனை வருடம் என் உடம்பில் ஓடியது எது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. "அப்ப நான் இன்னா சொல்லணும் சார்?" என்று அவரையே கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாது. உங்களுக்கு இன்னா தோணுதோ அதச் சொல்லுங்க."

இன்றைக்கு என்னால் சம்மதம் சொல்ல முடியாது என்றேன். மத்திய அரசுப் பிரதிநிதி, இதைத் திருத்தி மறுபடி கொண்டு வரட்டும் என்றார். மாணவி படங்களை மூடி வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தம்பி நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"இன்னாக்கா பேசின மீட்டிங்ல? ஆபீஸ்ல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்குறாங்கோ."

"எலிக்கு வலிக்கும்னு சொன்னேன்."

"எலிக்கா? நம்ம வூட்ல பொறி வைக்கிறியே, அதுல மாட்டுற எலிக்கு வலிக்கலியா?"

நான் காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு ரெண்டு பசங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் கல்லூரி மேலாளர் கூப்பிடுகிறார் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தான். நான் தபால் முத்திரையைக் கையில் பிடித்தபடி, எதிரில் நின்றவரின் கவரில் குத்தாமல் அப்படியே நின்றேன். பிற்பகல்வரை சோறு இறங்கவில்லை. பிறகு அவன் மறுபடி கூப்பிட்டான். பஸ் இனி திருக்கோவிலூர் வழியாகப் போகுமாம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார்களாம். இருவரும் சிரித்தோம். ஆனாலும் அந்தப் பயம் வெகு நாள் விட்டுப் போகவில்லை.

அந்த மாணவி ஒருநாள் மதிய இடைவேளையில் தபால் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சி மேடம்" என்றாள்.

கேழ்வரகுக் கொல்லையில் தங்கையைப் பாம்பு கடித்திருக்கிறது. இலையை அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மோசமான பிறகு கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்து சேரும்போது உயிர் இல்லை.

"நீங்க பொழச்சீங்க. அவ பொழைக்கல. அந்த எல வேலை செய்யுமா செய்யாதான்னு எனக்குத் தெரியணும் மேடம். எலி மேல எனக்குக் கோவமா இன்னா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய தங்கைக்குக் கிடைக்காத ஊசி எனக்குக் கிடைத்தது; அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். கடித்த பிறகு என்ன ஆகும் என்பதைச் சொன்னேன். எப்போது வலி எலும்புக்குள் போனது, எப்போது கால் என் கால் இல்லை என்று தோன்றியது, எப்போது நாக்கு தடித்தது. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன் என்பதையும். என் அம்மாவிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. அவள் அழவில்லை. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். மூச்சு எப்படி இருந்தது? அசையாமல் கிடந்தீர்களா, புரண்டீர்களா? கடைசியில் கேட்டாள். "வலிக்கு மருந்து கொடுத்திருந்தா தாங்கியிருப்பீங்களா மேடம்?"

"தாங்கியிருப்பேன்னு நெனைக்கிறேன்."

அவள் போய் மாட்டு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது திட்டம் மாறியிருந்தது. எலியிடம் போவதற்கு முன்னால் கண்ணாடிக் குழாயில் பார்ப்பது. கறிக்கடையில் உறையாமல் பிடித்து வந்த ஆட்டு ரத்தத்தில் விஷத்தையும் சாறையும் கலந்து, விஷத்தின் வேலையைச் சாறு தடுக்கிறதா என்று சோதிப்பது. அதில் பலன் தெரிந்தால் மட்டுமே எலி. அதுவும் முன்பு கேட்டதைவிட மிகக் கம்மியாக. வலிக்கு மருந்து உண்டு. ஒரு எலி நடக்க முடியாமல் சுருண்டால், சாகும்வரை விடாமல் அப்போதே மயக்க மருந்தைக் கூட்டிக் கொடுத்து முடித்துவிடுவது. கூடவே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இப்படி நிறுத்தினா ரிசல்ட் கெட்டுப் போவாதா?" என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். அவரும் கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கும் அவருடைய பயம்.

"கெடாது. நடக்க முடியாமப் போற நேரத்தையே கணக்கா எடுத்துக்கலாம்" என்றார் மாட்டு டாக்டர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னபோது இருந்ததைவிடச் சரி என்று சொல்வது பயமாக இருந்தது. சொன்னேன். உடனே டாக்டர், எலிச் சோதனை நடக்கும் நாளில் கமிட்டியிலிருந்து யாராவது நேரில் இருக்க வேண்டும் என்றார். என் பெயரைத்தான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குழாய்ச் சோதனையில் இலைக்குக் கொஞ்சம் சக்தி இருப்பதாகத் தெரிந்தது. விஷத்தையும் சாறையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து வைத்தால் ரத்தத்தில் விஷத்தின் வேகம் குறைந்தது. மாணவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர்தான் சொன்னார். "பாம்பு இன்னா, சாறக் கலந்து வச்சிக்கினா கடிக்கும்? விஷம் உள்ள போன அப்பறம் சாறு போனா இன்னா ஆவுது, அதப் பாரு."

சோதனை நாளன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அனிமல் ஹவுஸ் கல்லூரிக்குப் பின்னால் தனிக் கட்டடம். செருப்பைக் கழற்றி வேறு செருப்பு, மேலே ஒரு அங்கி, வாய்க்கு முகமூடி. உள்ளே மரத்தூள் வாசனை. வெள்ளைச் சுண்டெலிகள் ஒரு விரல் நீளம்தான். சிவந்த கண். ஒன்று பின்காலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மாணவி ஒரு எலியைக் கையில் எடுத்தாள். டாக்டர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். முதலில் வலி மருந்து. பிறகு தொடையில் அந்த ஊசி. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பார்ப்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. எலி கூண்டுக்குள் நடந்தது, மரத்தூளைக் கிளறியது. பிறகு பின்காலை ஊன்றாமல் தூக்கிப் பிடித்தது. நான் இந்த முப்பது வருடமாக இழுத்து நடக்கிற அதே கால். வலது கால். நான் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, "வெளிய போறீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

சாறு கொடுத்த எலிகளும் கொடுக்காத எலிகளும் தனித்தனிக் கூண்டில் இருந்தன. எது எந்தக் கூண்டு என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே வித்தியாசம் தெரிய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு கூண்டாவது தெம்பாக இருக்கட்டும் என்று. இல்லை. இரண்டு கூண்டிலும் ஒரே மாதிரிதான் ஒவ்வொன்றாகச் சுருண்டன. முதல் எலி பக்கவாட்டில் சாய்ந்தபோது மாணவி காத்திருக்கவில்லை. உடனே எடுத்து மயக்க ஊசி போட்டாள். அது அவள் உள்ளங்கையிலேயே அடங்கியது. எல்லாம் முடியும்வரை அவள் உட்காரவே இல்லை. முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, "வேலை செய்யல மேடம்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எலிப்பொறியை எடுத்துப் பரணில் போட்டேன். அதுவும் சில மாதம்தான். அரிசி மூட்டையைக் கடித்து ஓட்டை போட்டதும் மறுபடி எடுத்து வைத்தேன். அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அவள் தன் முடிவை உள்ளபடியே எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியர் முதலில் முகம் சுளித்தாலும் பிறகு தடுக்கவில்லை. பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருநாள் என்னைத் தேடி வந்தாள்.

"எங்க ஊர்ல போயிச் சொல்லணும் மேடம். எலய நம்பிக் காத்துக்கினு இருக்காதீங்கன்னு. கூட வர்றீங்களா?"

"நான் எதுக்கும்மா?"

"எனக்குப் பயமா இருக்குது." கொஞ்சம் தயங்கினாள். "தங்கச்சிக்கு அன்னிக்கு எல அரைச்சது எங்கம்மா."

கோமுகி அணையைத் தாண்டி மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கு மலைப்பாதையும் பயம். அவளோ அடிவாரத்திலிருந்து ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ரேஷன் கடைக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவள் அம்மா கடைசி வரிசையில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணவி பேச ஆரம்பித்தாள். குழாயில் பார்த்ததைச் சொன்னாள், எலிக்குப் போட்டதைச் சொன்னாள். "அந்த எல..." என்று ஆரம்பித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அதற்குமேல் வரவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். நான் எழுந்தேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பள்ளத்தைக் காட்டினேன். அதற்கு முன் யாருக்கும் காட்டியதில்லை.

"எனக்கும் எல கட்டிப் படுக்க வச்சாங்க. அது கெட்ட எண்ணத்துல பண்ணது இல்ல. எங்கம்மாவுக்கு வேற இன்னா தெரியும்? லாரி மட்டும் வரலன்னா நான் இங்க நிக்க மாட்டேன். எல விஷத்த எறக்கலங்க. சோதிச்சிப் பார்த்தாச்சி, நானும் கூட இருந்து பார்த்தேன்."

ஒரு பெரியவர் கேட்டார். "எலிக்கு வேல செய்யலன்னா மனுசனுக்கும் செய்யாதா?"

மாணவிக்கு இப்போது குரல் வந்தது. "அது முழுசாத் தெரியாது தாத்தா. ஆனா ஊசி வேல செய்யும்னு தெரியும். அதுக்குத்தான் சீக்கிரம் எறங்கணும்."

அவள் அம்மா எழுந்தாள். அவள் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "எறங்கணும் எறங்கணும்னு சொல்றீங்க. பஸ் இல்லாத நேரத்துல எதுல எறங்கறது?"

கூட்டத்தில் சலசலப்பு. மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் ஜீப்புக்காரர் ஒருவர் ஓரத்தில் நின்றிருந்தார். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன் என்றார். அவள் அம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அம்மாவும் மகளும் கடைக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் கிட்டே போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போன் செய்தாள். அவள் ஊர்க்காரர் ஒருவரைப் பாம்பு கடித்திருக்கிறது. ஜீப்பில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் ஊசி போட்டுப் பிழைத்துவிட்டார்.

"ஆனா காலு பூரா எல அரைச்சிப் பூசிக்கினுதான் வந்தாரு மேடம். ஆஸ்பத்திரில திட்டுனாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"பூசிக்கட்டும்னு சொன்னேன். ஜீப்புலயே பூசிக்கட்டும். ஜீப்பு நிக்காமப் போனாப் போதும்."